வழக்குக்கு முன்பே வேண்டும் வக்கீல்

கோவை, ஓசூர், அம்பத்தூர் என்று எந்த ஊர் லேத் பட்டறையாக இருந்தாலும் சரி, மேசை டிராயரில் கிடக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் உருப்படியின் பெயர், டிராயிங் எண், எண்ணிக்கை, விலை, சப்ளை செய்ய வேண்டிய தேதி ஆகியவை இருக்கும். பட்டறைக்காரர் விரல் வைத்துப் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், நிபந்தனைகள் வரிசையாக அச்சாகியிருக்கும். பணம் 90 நாளில் தரப்படும் என்கிறது ஒரு வரி. தகராறு வந்தால் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்கிறது இன்னொன்று. சரக்கு எங்கள் தரச் சோதனை முடியும்வரை ஏற்கப்பட்டதாகாது என்கிறது மூன்றாவது. வண்டியிலிருந்து சரக்கை இறக்கும்போது, கம்பெனி ஸ்டோர்ஸில் டெலிவரி சலானின் மேல் குத்தும் ரப்பர் முத்திரையும் இந்த மூன்றாவது விஷயத்தையே சொல்லும்: ‘பெறப்பட்டது, சோதனைக்கு உட்பட்டது’.

அந்த முத்திரையைப் பார்த்ததும் பட்டறைக்காரர் தன் பிடி தளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். சோதனை என்றைக்கு முடியும், பணம் என்றைக்கு வரும் என்பதெல்லாம் இனி அவர்கள் கையில் என்று வீடு திரும்புகிறார். சட்டம் சொல்வதோ நேர் எதிரானது. 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அந்தச் சரக்கு வந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகத்தான் பொருள். ரப்பர் முத்திரை அந்தக் கெடுவை நீட்டித்துவிடாது. இரு தரப்பும் கையெழுத்திட்டே ஒப்புக்கொண்டிருந்தாலும் பணம் தரும் காலம் 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடுவைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்றால் 15 நாள்தான். ஆகவே 90 நாள் என்ற வரிக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. மும்பை என்ற வரியும் அப்படியே. வாங்கியவர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் வட்டாரத்து வசதியாக்க மன்றமே, அதாவது தொழில் வட்டாரத்தில் ‘ஃபெசிலிட்டேஷன் கவுன்சில்’ என்று சொல்கிறார்களே, அதுவே, விசாரிக்கலாம் என்று சட்டத்தின் 18-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தனி ஒப்பந்தத்தால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது.

தாமதத்துக்கான வட்டியும் சாதாரணமானதல்ல. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மும்மடங்கு என்றால் 20.25. அந்த இரண்டு ஆண்டு முழுக்க நிலுவையில் கிடந்த 8 லட்சம் ரூபாய், வட்டியோடு சேர்ந்து ஏறக்குறைய 12 லட்சமாகிறது. இப்படியொரு வட்டி விகிதத்தை நாடாளுமன்றம் விளையாட்டாக எழுதிவைக்கவில்லை. சிறியவரின் பணத்தை வட்டியில்லாக் கடனாகப் பெரியவர் வைத்துச் சுற்றுவதைத் தடுக்கவே எழுதியது.

இவ்வளவு இருந்தும் ஏன் பட்டறைக்காரர் தோற்கிறார்? இந்த விஷயங்கள் எல்லாம் அவருக்குத் தெரியவரும்போது, பெரும்பாலும் நாள் கடந்திருக்கிறது. இதுதான் என் மையமான வாதம். சிறுதொழில் செய்பவர்கள் வழக்குகளில் தோற்பது நீதிமன்றத்தில் அல்ல. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே, பட்டறையில், கடையில், வீட்டுத் திண்ணையில், ஒவ்வொரு கெடுவாகச் சத்தமில்லாமல் கடந்துபோகும்போதே தோற்றுவிடுகிறார்கள். சட்ட உதவி என்பதை வழக்கு நடத்தித் தருவது என்று மட்டும் நாம் புரிந்துவைத்திருக்கும்வரை இந்தத் தோல்வி தொடரும்.

காசோலையை எடுத்துக்கொள்வோம். கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பினால், வங்கி அதைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பின் பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு நடக்கும் பாதை இது. ஆனால் நிஜத்தில் நடப்பது வேறு. செக் திரும்பியதும் பட்டறைக்காரர் பார்ட்டிக்குப் போன் போடுகிறார். “ஏனுங்கண்ணா, செக் ரிட்டன் ஆயிருச்சுங்களே” என்கிறார். “அக்கவுண்ட்ஸ்ல ஏதோ குழப்பமுங்க, பத்தாந்தேதிக்கு மேல மறுபடியும் போடுங்க” என்கிறார் அவர். பத்தாம் தேதி, இருபதாம் தேதி, அடுத்த மாதம் என்று போகிறது. செக்கின் ஆயுளோ, அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்றே மாதம். மறுபடி போடக் கூட முடியாத நிலையில், செக் திரும்பியதாக வங்கி தந்த மெமோவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் வக்கீல் அலுவலகப் படியேறும்போது, குற்றவழக்குத் தொடுக்கும் வாய்ப்பு முடிந்துபோயிருக்கும். மிஞ்சுவது சிவில் வழக்கு. அதற்கு நீதிமன்றக் கட்டணம் உண்டு, காத்திருப்பு உண்டு, பெரும்பாலும் வெறுங்கையும் உண்டு.

அந்த நோட்டீஸ் ஒரு பக்கக் கடிதம். அதை எழுத அரைமணி நேரம் போதும். மெமோ கைக்கு வந்த வாரத்தில் அந்த அரைமணி நேரத்தைத் தர ஆள் இருந்திருந்தால், அந்தத் தொகையில் பாதி வழக்கே இல்லாமல் வந்திருக்கும்.

இதே காசோலை இன்னொரு முனையிலும் சிறியவரைக் குத்துகிறது. நூல் கடனுக்கும், துணிக் கடனுக்கும், பைனான்ஸுக்கும் ‘செக்யூரிட்டி செக்’ என்று கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுக் காசோலை கொடுப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் புதிதாக நாலு பவர் மெஷின் போடுகிறவர்கூட கொடுக்கிறார். தேதியும் தொகையும் எழுதாத செக் செல்லாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். செல்லும். கையெழுத்திட்டுத் தானாக முன்வந்து கொடுத்த வெற்றுக் காசோலையைப் பெற்றவர் நிரப்பிக்கொண்டாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவர் தலையில். கடனைத் தீர்த்ததும் செக்கைத் திரும்ப வாங்க வேண்டும், கொடுக்கும்போதே எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லித் தரப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை.

பாக்கித் தொகைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரையறை உண்டு என்பது ஓரளவு பேருக்குத் தெரியும். அந்த மூன்று ஆண்டைப் புதுப்பிக்க வழி உண்டு என்பது தெரியாது. கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் கையெழுத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு மறுபடி தொடங்கும். பெரிய நிறுவனங்கள் மார்ச் மாதத்தில் கணக்கு முடிக்கும்போது ‘பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்’ கடிதம் கேட்டு வாங்குவது இதற்காகவும்தான். சின்னப் பட்டறைகளில் அந்தப் பழக்கம் இல்லை. பேச்சு எல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ‘தீபாவளிக்குள் நாலரை லட்சத்தையும் செட்டில் பண்ணிடறேன்’ என்று பார்ட்டி அனுப்பிய செய்தி நல்ல சாட்சியம். ஆனால் அதை நீதிமன்றம் ஏற்க, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் இரு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும் மறு பகுதியை நிபுணரும் தர வேண்டும். மகனுக்குப் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிய போனுக்கு மாறிய நாளில் அந்தச் செய்தியே போய்விடுகிறது.

ஜிஎஸ்டி விவகாரத்தில் கெடுக்கள் இன்னும் கொடுமையானவை, ஏனென்றால் அவை தொடங்கியதே தெரியாது. நம் சிற்றூர்களில் வரிக்கணக்குப் பார்க்கும் எவரையும் ‘ஆடிட்டர்’ என்றுதான் அழைக்கிறோம். சிறு வியாபாரிக்கு இருக்கும் ஒரே சட்ட ஆலோசகர் அந்த ஆடிட்டரோ, அவர் அலுவலகத்தில் ரிட்டர்ன் போடும் உதவியாளரோதான். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும்கூடப் பல நேரம் அந்த அலுவலகத்துடையவை. துறையின் நோட்டீஸ் இணையதளத்தில் ஏறுகிறது. அதைத் திறந்து பார்க்க யாருமில்லை. பதில் வராததால் ஒருதலையாக ஆணை பிறக்கிறது. அதுவும் இணையதளத்திலேயே ஏறுகிறது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு அதிகாரிக்கே இல்லை. வங்கிக் கணக்கு முடக்கப்பட்டு, மளிகைக் கடைக்காரரின் செக் திரும்பிய நாளில்தான் அவருக்கு எல்லாம் தெரியவருகிறது. அதற்குப் பின் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதுதான் வழி. வரி பாக்கியே சில பத்தாயிரம் என்றால், அந்த வழியில் செலவு பாக்கியை எட்டிவிடும். இணையதளத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்ததாகாது, பதில் வராதபோது தபால் போன்ற வேறு வழிகளிலும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆணைகளை ரத்துசெய்து, வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியும் வருகிறது. உயர் நீதிமன்றம்வரை போக முடிந்தவருக்கு அது நிவாரணம். போக முடியாதவர் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

சரி, உரிய நாளில் உரிய இடத்துக்குப் போனவர் கதி என்ன?

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மண்டலவாரியாக வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. 2017 அக்டோபரில் தொடங்கிய ‘சமாதான்’ இணையதளம் வழியாக மனுக் கொடுக்கலாம். மனு வந்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அது ஏட்டளவில்தான் இருக்கிறது. மன்றத் தலைவர் தொழில் துறை அதிகாரி. அவருக்கு இது பத்தோடு பதினொன்றாவது வேலை. உறுப்பினர்களில் தொழில் சங்கப் பிரதிநிதிகளும் வங்கிக்காரர்களும் இருப்பார்கள். முழுநேரமாகச் சட்டம் அறிந்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதன் விளைவு என்ன என்பதற்கு ராஜஸ்தானில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜெய்ப்பூரில் மின்கம்பி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, ஜார்க்கண்ட் அரசின் மின்நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய பாக்கிக்காக ராஜஸ்தான் மன்றத்தை நாடியது. எதிர்த்தரப்பு குறித்த நாளில் வரவில்லை. 2012 ஆகஸ்டில், 30 நாளுக்குள் பணத்தைக் கொடு என்று மன்றம் ஆணையிட்டது. சட்டப்படி முதலில் சமரச முயற்சி நடக்க வேண்டும். அது முறிந்ததாகப் பதிவுசெய்த பின், தனியாக நடுவர் விசாரணை தொடங்கி, இரு தரப்பு சாட்சியமும் பெற்றுத் தீர்ப்பு வழங்க வேண்டும். மன்றம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலந்துவிட்டது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்தது. விசாரணை மறுபடி முதலிலிருந்து. ஒன்பது ஆண்டுகள். கம்பி தயாரித்துக் கொடுத்தவர் செய்த பிழை எதுவும் இல்லை. பிழை செய்தது அவருக்கு உதவ அமைக்கப்பட்ட மன்றம். நடைமுறை தெரிந்த ஒரு சட்ட அலுவலர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருவது உச்ச நீதிமன்றத்தின் மேல் அல்ல. சட்டம் சொன்ன முறையை நீதிமன்றம் சொல்லியாக வேண்டும். ஆனால் தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தை ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சட்டம் தெரிந்த முழுநேர ஊழியரைக் கொடுக்காமல் விட்டவர்கள் யார்?

மன்றத்தில் வென்றாலும் பாதை முடிவதில்லை. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் வாங்குபவர், 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது 19-வது பிரிவு. அதிலிருந்து தப்ப, நேரடியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் பழக்கம் வளர்ந்தது. 2023-ல் இந்தியா கிளைகால்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறுக்குவழியை அடைத்தது. 2025 ஜனவரியிலோ, தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் தொடர்பான வழக்கில், ரிட் எப்போது வரலாம் என்பது உள்ளிட்ட கேள்விகளை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அதே மாதம் இன்னொரு வழக்கில், ஒப்பந்தம் போட்ட பிறகு பதிவு செய்தவருக்கு இந்தச் சட்டத்தின் பலன் உண்டா என்ற கேள்வியும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. ஆகையால் இப்போதைக்குச் சிறுதொழில் செய்பவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை ஆர்டர் வாங்குவதற்கு முன்பே முடித்துவைத்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் 2021 முதல் உத்யம் பதிவு கிடைக்கிறது என்றாலும், அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வியாபாரிகளுக்குக் கிடைக்காது. நடுத்தர நிறுவனங்களுக்கும் இல்லை.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது அச்சம். மனுக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் வாசலை மறுபடி மிதிக்க முடியாது. ஒரே ஒரு பெரிய வாங்குபவரை நம்பி மெஷின் போட்டு, வங்கிக் கடன் வாங்கி, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், மும்மடங்கு வட்டி கேட்டு மனுப் போடுவாரா? பாக்கியில் இரண்டு லட்சத்தைத் தள்ளுபடி செய்தாவது அடுத்த ஆர்டரை வாங்கவே பார்ப்பார். மன்றங்களுக்கு வருகிற மனுக்களில், உறவு ஏற்கெனவே முறிந்துபோன கதைகளே பெரும்பாலும் இருப்பது இதனால்தான். ஒரு காலத்தில் கையில் இருந்த இன்னொரு ஆயுதமும் மழுங்கிவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்கே நிறுவனத்தைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடிந்த நிலை மாறி, 2020 மார்ச்சில் அந்த வரம்பு ஒரு கோடியானது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனங்களைக் காக்க எடுத்த முடிவு அது. ஒரு கோடி பாக்கி வைக்குமளவுக்கு எந்தக் குறுந்தொழில் தாங்கும்?

2023 நிதிச் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து அழுத்தம் கொடுத்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவில் பணம் தராதவர், அதைத் தந்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். நல்ல ஏற்பாடு. யாரும் மனுக் கொடுக்கத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. ஆனால் அமலான சூட்டிலேயே, உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று சப்ளையர்களிடம் வாங்குபவர்கள் கேட்ட செய்திகள் வந்தன. ஜவுளி வியாபாரத்தில் இந்தச் சலசலப்பு அதிகமாகவே கேட்டது. அப்படிக் கேட்கப்பட்டவரில் எத்தனை பேர் பக்கத்தில், ‘செய்யாதீர்கள், அது உங்களுக்கு இருக்கும் எல்லாப் பாதுகாப்பையும் கழற்றிவிடும்’ என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்?

அந்த ஆளைத்தான் நான் கேட்கிறேன். நாட்டில் சட்ட உதவிக்கென்று ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டம்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வட்டம்தோறும் குழு, 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி. அதன் 12-வது பிரிவைப் படித்தால் ஓர் உண்மை தெரியும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. அதாவது, சேலத்தில் தையல் யூனிட் நடத்தும் பெண், விருதுநகரில் ஊறுகாய் கம்பெனி நடத்தும் பெண், தன் பாக்கிக்காகச் சட்ட உதவி கேட்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனால், ‘நீங்கள் முதலாளி ஆயிற்றே’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. வழக்கில் முகாந்திரம் இருந்தால் போதும். மகளிர் தொழில் முனைவோருக்கு மானியம் பற்றி நடக்கும் எத்தனையோ கூட்டங்களில் இந்த ஒரு வரியைச் சொன்னால் என்ன? வழக்காகும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு வருமான வரம்பு எவருக்கும் இல்லை, அங்கு எட்டும் தீர்வு மேல்முறையீடு இல்லாத இறுதித் தீர்ப்பு என்பதையும் சொல்லலாம்.

சொந்தத் தொழில் செய்கிறவருக்கு எதற்கு அரசுச் செலவில் வக்கீல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குறுந்தொழிலின் கணக்கேட்டைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். முதலாளி என்று பெயர். லேத்தில் நிற்பவரும் அவரே, சரக்கைக் கொண்டுபோய் இறக்குபவரும் அவரே. மாதக் கடைசியில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத் தனக்கு எடுத்துக்கொள்வது, பெரிய கம்பெனியின் சூப்பர்வைசர் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும் மாதங்கள் உண்டு. அவருக்கு வர வேண்டிய 8 லட்சம் நின்றுபோனால் முதலில் நிற்பது ஆட்களின் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: சிறு பட்டறைகளில் தொழிலாளிக்குச் சேர வேண்டியது சேராமல் போகும் கதைகள் நிறைய. சட்ட உதவி என்பது முதலாளிக்கு அவருடைய உரிமையைச் சொல்லும்போதே கடமையையும் சொல்வதாக இருக்க வேண்டும். இஎஸ்ஐ நோட்டீஸ் வந்து அபராதமும் வட்டியும் ஏறிய பின் தவிப்பதைவிட, பத்தாவது ஆள் வேலைக்குச் சேரும்போதே அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது, அந்தத் தொழிலாளிக்கும் நல்லது.

நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021-ல் தொடங்கி நடத்திக் காட்டிய மாநிலம் இது. பெரிய வியாதியாக முற்றி ஆஸ்பத்திரிக்கு வருமுன் வாசலிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற அதே புத்தியைச் சட்டத்திலும் காட்டலாம். சிட்கோ தொழிற்பேட்டைகளில் வாரத்தில் ஒரு நாள், மாலை ஆறு மணிக்கு மேல், ஒரு வக்கீல் உட்காரட்டும். பகலில் மெஷினை நிறுத்திவிட்டு எவரும் வர மாட்டார்கள், ஆகவே மாலை என்பது முக்கியம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை அனுப்பட்டும். மாவட்டத் தொழில் மையம் இடமும் மேசையும் கொடுக்கட்டும். அவர் செய்ய வேண்டியது வாதாடுவது அல்ல. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைத் தமிழில் படித்துச் சொல்வது. திரும்பிய செக்குக்கு நோட்டீஸ் எழுதுவது. ஜிஎஸ்டி இணையதளத்தில் நோட்டீஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. மார்ச் மாதத்தில் பாக்கி ஒப்புதல் கடிதம் வாங்கச் சொல்வது. வாட்ஸ்அப் செய்திகளை எப்படிப் பாதுகாப்பது என்று காட்டுவது. இவற்றில் பெரும்பகுதியை அரசு சட்டக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களே, மூத்தவர் ஒருவர் மேற்பார்வையில், செய்துவிடலாம். அவர்களுக்கும் ஒரு விலைப்பட்டியலும் டெலிவரி சலானும் கண்ணால் பார்த்த அனுபவம் கிடைக்கும்.

வசதியாக்க மன்றம் ஒவ்வொன்றுக்கும் முழுநேரச் சட்ட அலுவலர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். ராஜஸ்தானில் நேர்ந்தது தமிழ்நாட்டில் நேராமல் தடுக்க வேறு வழியில்லை.

அச்சத்துக்கு மருந்து, புகார் கொடுக்கும் பாரத்தைச் சிறியவர் தோளிலிருந்து இறக்குவது. இதற்கான தகவல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், அந்த விவரத்தை அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ-1 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019 முதல் கட்டாயம். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்தால் பாக்கி என்பதைக் கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘வட்டியோடு எப்போது தரப்போகிறீர்கள்’ என்று அரசே கேட்டுக் கடிதம் எழுதினால், எந்தப் பட்டறைக்காரரும் எவரையும் பகைக்கத் தேவையில்லை. இதற்கு மத்திய அரசும் மாநிலத் தொழில் துறையும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும்.

அதற்குக் காலம் ஆகலாம். காலம் ஆகாத ஒன்று மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கிவிட்டுப் பணத்தை இழுத்தடிப்பவர்களில் அரசுத் துறைகளும், வாரியங்களும், கழகங்களும், உள்ளாட்சி அமைப்புகளும் உண்டு. மேலே சொன்ன வழக்குகளிலேயே எதிர்த்தரப்பாக நிற்பது யார் என்று பாருங்கள். அரசு நிறுவனங்கள் தங்கள் பாக்கிப் பட்டியலை மாதாமாதம் சப்ளையர் பெயரோடும் தேதியோடும் வெளியிட வேண்டும். மன்றத் தீர்ப்பை எதிர்த்து வழக்குப் போடும் முன் துறைச் செயலரின் எழுத்து மூல அனுமதி பெற வேண்டும் என்று ஓர் அரசாணை வர வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது. ஒரே பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய அந்த ஆணையை இந்த நிதியாண்டுக்குள் பிறப்பிக்கத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.